தலை யாருக்கு?

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள சூக்கில் நாங்கள் படகு இறக்கும் துறையின் ஓரமாக, மீன் ஆய்வதற்கென்று ஒரு நீள மேசை போட்டிருக்கிறார்கள். மேலே தண்ணீர்க் குழாய், கீழே கடல், கடலுக்குள் எந்நேரமும் ஒரு கடல்நாய். ஆகஸ்ட் மாதம் பகல் 11 மணிக்குப் போனால் ஐந்தாறு பேர் வரிசையாக நின்று சால்மன் அறுத்துக்கொண்டிருப்பார்கள். கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கி வால் வரை ஓடும். திருப்பிப் போட்டு இன்னொரு ஓட்டம். இரண்டு பக்கச் சதையும் பைக்குள் போய்விடும். தலை, நடுமுள், வால் மூன்றும் ஒன்றாய்த் தொங்க, அதை அப்படியே கடலுக்குள் வீசுவார்கள். கடல்நாய் தலையைத்தான் முதலில் கடிக்கும். அதற்குத் தெரிந்திருக்கிறது.

முதல் வருஷம் இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் சீலா மீன் தலை வந்தால் யாருக்கு எந்தப் பாகம் என்று பஞ்சாயத்தே நடக்கும். கண்ணைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது, அது ஆச்சிக்கு. தாத்தா கேட்டாலும் கிடைக்காது. அப்படி வளர்ந்தவன் எத்தனை நேரம்தான் சும்மா நிற்பது? பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கூச்சத்தோடு, "அந்தத் தலை உங்களுக்கு வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "தாராளமா. நண்டுக் கூண்டுக்கா?" என்றார். இங்கே சால்மன் தலை நண்டுக்கு வைக்கும் இரை. "இல்லை, எனக்கு" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

அவரைத்தான் இப்போது கேப்டன் என்று கூப்பிடுகிறேன். பெயர் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பெயர் தெரிந்தால் படகு தெரியும், படகு தெரிந்தால் அவர் மீன் பிடிக்கும் இடம் தெரிந்துவிடுமாம். 74 வயது, இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்று, 19 அடி அலுமினியப் படகு. நான் எஸ்குவைமால்ட் டிரை டாக்கில் கப்பல் எலக்ட்ரீஷியன். கடற்கரை ஊர்க்காரன் என்று சொன்னதும், "அப்போ நீ பிறவி மீன்காரன்" என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். உண்மையில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளத்துக் கணக்குப்பிள்ளைகள். கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிக் காயவைப்பது தெரியும், அதில் இறங்கத் தெரியாது. காற்றுக்குக் கச்சான், வாடை, கடல் நீரோட்டத்துக்கு நீவாடு என்று எனக்குத் தெரிந்த கடல் பேச்செல்லாம் மீனவர் பகுதியான திரேஸ்புரத்துப் பள்ளித் தோழர்களிடம் கேட்டதுதான். இதைக் கேப்டனிடம் சொல்ல இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் என் லட்சணம் அவருக்கே தெரிந்துவிட்டது.

சூக் இருப்பது வான்கூவர் தீவின் தெற்கு முனையில், ஜுவான் டி ஃபூக்கா நீரிணையின் கரையில். எதிர்க்கரை அமெரிக்கா. பனிமூட்டம் விலகினால் ஒலிம்பிக் மலைகள் தெரியும். பசிபிக்கில் சில வருஷம் தின்று கொழுத்து, ஃபிரேசர் ஆற்றுக்கு முட்டையிடத் திரும்பும் சால்மன்களில் ஒரு பெருங்கூட்டம் இந்த வழியாகத்தான் வரும். அதனால் ஆகஸ்டில் விடியற்காலை 5 மணிக்கு ஆட்டர் பாயின்ட் பக்கம் போனால், தேர்த்திருவிழா மாதிரி படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

போவதற்கு முன் உரிமம் எடுக்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். சால்மனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்குத் தனி முத்திரைக்கட்டணம். சால்மன் தூண்டில் முள்ளில், மீன் நழுவாமல் தடுக்கும் எதிர்முள் இருக்கக் கூடாது. முள் வழவழவென்று இருக்கும். தூண்டில் நரம்பு தளர்ந்தால் மீன் போயிற்று. கேப்டனுக்கு இதையெல்லாம் விட முக்கியம் உயிர்க்கவசம். அதைப் போடாமல் படகில் கால் வைக்க விடமாட்டார். "1-10-1" என்பார். இந்தக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். முதல் நாள் விளையாட்டாக விரலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். அப்புறம் மறுபேச்சு பேசவில்லை.

பிடிக்கும் விதம் எங்கள் ஊரில் நான் பார்க்காதது. படகின் பின்னால் சிறு பாரந்தூக்கி மாதிரி ஒன்று, டவுன்ரிகர் என்று பெயர். அதில் 12 பவுண்டு ஈயக்குண்டு இரும்புக் கம்பியில் தொங்கும். தூண்டில் நரம்பை அந்தக் குண்டின் மேலே ஒரு கிளிப்பில் கவ்வவிட்டு, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். நரம்பின் முனையில் உள்ளங்கை அகலத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் தகடு, அது தண்ணீரில் சுழலும். அதற்குப் பின்னால் கணவாய்க்குஞ்சு மாதிரி ஒரு ரப்பர் பொம்மை, உள்ளே முள். இறக்கியதும் நரம்பை இறுக்குவதால் கம்பு வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்தால் கம்பு இன்னும் வளையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கிளிப் விட்டுப்போவதால், வளைந்திருந்த கம்பு சட்டென்று நிமிரும். அந்த ஒரு கணம் எல்லாம் அமைதி. அதற்கப்புறம்தான் ரீல் அலறும். நிமிர்ந்த கம்பைப் பார்த்து "ஏதோ அறுந்துபோச்சு" என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்ததில் முதல் மீன் போயிற்று. கேப்டன் அன்று என்னிடம் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எந்த ஆழம் என்பது இங்கே ராணுவ ரகசியம். ரேடியோவில் யாராவது, "எத்தனை அடியில கடிக்குது?" என்று கேட்டால் எல்லாரும் 90 என்பார்கள். கேப்டனும் 90 என்பார். அவருடைய குண்டு 130-ல் இருக்கும். மத்தியானம் மேற்குக் காற்று எழும்பிவிடும், எங்கள் ஊர்க் கச்சானேதான், சூடு மட்டும் கிடையாது. அது தொடங்கும் முன் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். சில நாள் ஓர்க்கா என்ற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலக் கூட்டம் வரும். இந்தப் பக்கத்து ஓர்க்காக்களில் ஒரு வகைக்கும் முக்கியச் சாப்பாடு சினூக் சால்மன்தான். கறுப்புத் துடுப்பு தூரத்தில் தெரிந்ததும் கேப்டன் தூண்டிலைச் சுருட்டி விலகிவிடுவார். சட்டத்துக்காக என்று சொல்வார். தொப்பியையும் கழற்றுவார், அது எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ.

சினூக்கை இங்கே யாரும் சினூக் என்று சொல்வதில்லை, ஸ்பிரிங் என்பார்கள். அதுவே 30 பவுண்டைத் தொட்டால் டைய்யி. இந்தக் கரையின் பூர்வகுடிப் பேச்சிலிருந்து வந்த சொல், தலைவர் என்று பொருள். தீவின் வடக்கே கேம்பெல் ரிவரில் 1924-ல் தொடங்கிய டைய்யி கிளப் ஒன்று இருக்கிறது. அதில் சேரப் பணம் போதாது. மோட்டார் இல்லாமல் துடுப்புப் போட்ட படகில், எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டிலில், 20 பவுண்டுக்கு மேல் தாங்காத நரம்பில், 30 பவுண்டு மீனைப் பிடித்துக் காட்ட வேண்டும். இரையும் செயற்கை இரைதான். கேப்டன் ஒன்பது வருஷம் போய்வந்தார். 28 பவுண்டில் ஒன்று, 29-ல் ஒன்று. அந்த 29-ஐப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறும். எடை போடும் முன் அது துப்பிவிட்ட ஒரு ஹெர்ரிங் மீனையும் சேர்த்து எடை போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வார். நான் தலையாட்டிவிடுவேன். வேறென்ன செய்ய.

ஹாலிபட் என்ற தட்டை மீன் வேறு கதை. அதற்கு ஏப்ரல், மே மாதம் நல்லது. விக்டோரியா நகருக்கு வெளியே கான்ஸ்டன்ஸ் பேங்க் என்று கடலுக்கடியில் ஒரு மேடு இருக்கிறது, அங்கே போவோம். சால்மனுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஹாலிபட்டுக்கு நங்கூரம் போட்டு உட்கார வேண்டும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீவாடு செத்துப்போகும் அரைமணி, முக்கால் மணி நேரம்தான் காலம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பவுண்டு ஈயம்கூடத் தரையில் நிற்காமல் அடித்துக்கொண்டு போகும். இரைக்கு ஹெர்ரிங், அதாவது நம்ம சாளைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கூடவே போன வருஷத்து சால்மனின் வயிற்றுத்தோல் ஒரு துண்டு. வட்டமாக வளைந்த முள். அதில் மீன் கடித்தால் கம்பைச் சுண்டி இழுக்கவே கூடாது, மீன் தானாகத் திரும்பிப் போகும்போது முள் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். இது எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனாலும் முதல் கடிக்குச் சுண்டினேன். இரண்டாவதுக்கும் சுண்டினேன். "உன் கைக்கு மூளை கிடையாதா?" என்றார் கேப்டன். மூன்றாவது கடிக்கு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தது நாய்ச்சுறா.

இந்த நாய்ச்சுறா ஹாலிபட்காரர்களுக்குப் பெரிய தொல்லை. இரையைத் தின்னும், நரம்பை முறுக்கும், முதுகு முள்ளால் கையைக் கிழிக்கும். இரண்டடி நீளத்தில் அது படகோரம் வந்ததும் எனக்குச் சுறாப்புட்டு ஞாபகம்தான் வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் தேடித்தேடி வாங்கிக் கொடுப்போம் என்றேன். கேப்டன் பதிலே சொல்லாமல் அதைக் கடலில் விட்டார். சில விஷயங்களுக்கு அவர் இன்னும் தயாராகவில்லை.

அன்றைக்கு நீவாடு மறுபடி பிடிப்பதற்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டிய கதவைக் கயிறு கட்டித் தூக்குவது மாதிரி ஒரு கனம். 200 அடி ஆழத்திலிருந்து சுற்றிச் சுற்றி என் புஜம் கழன்றுவிட்டது. மேலே வந்து நின்றது பழுப்பு நிறத்தில் ஒரு தாம்பாளம். பெரிய ஹாலிபட்டை உயிரோடு படகுக்குள் ஏற்றக் கூடாது, அடிக்கிற அடியில் காலை ஒடித்துவிடும். இது சின்னது, இங்கத்துப் பேச்சில் 'சிக்கன்'. தலையில் ஒரு தட்டு தட்டி, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, நாடா வைத்து அளந்தார். 84 சென்டிமீட்டர். அந்த வருஷம் 126-க்கு மேல் இருந்தால் விட்டுவிட வேண்டும். பிடித்த கையோடு நீளத்தை உரிமத்தில் எழுத வேண்டும், கரைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்பது கிடையாது. ஈரக்கையால் எழுதிய அந்த 84 இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம். முட்டையிலிருந்து வெளிவரும்போது மற்ற மீன் போலப் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்குமாம். குஞ்சாக இருக்கும்போதே இடது கண் மெல்ல நகர்ந்து தலையைத் தாண்டி வலப்பக்கம் வந்துவிடும். அப்புறம் ஆயுளுக்கும் ஒருச்சாய்த்துப் படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். கண் இருக்கிற பக்கம் மண் நிறம், கீழ்ப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை. நம்ம கடலிலும் இந்த ஜாடையில் ஒன்று உண்டு, எருமை நாக்கு. அதை ஆங்கிலத்தில் இந்திய ஹாலிபட் என்கிறார்கள். 1801-ல் அதற்கு வைத்த அறிவியல் பெயரின் பின்பாதி 'எருமெய்', நம்ம எருமையேதான். கேப்டனிடம் பெருமையாகச் சொன்னேன். "எருமையோட நாக்கையும் தின்பீங்களா?" என்று கேட்டார்.

ஹாலிபட் சதையைப் பற்றி இங்கே ஒரே புகழ்பாட்டு. எனக்கு என்னவோ அது சப்பென்றுதான் இருக்கிறது. கொழுப்பில்லாத வெள்ளைச் சதை, ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் பஞ்சு. மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் பரவாயில்லை. தலைதான் சங்கதி. கன்னத்தில் வட்டமாக ஒரு சதை, அதை இவர்களும் விடமாட்டார்கள். மீதித் தலை முழுக்கப் பசை. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் மறுநாள் காலையில் சட்டியில் கட்டியாக உறைந்திருக்கும். பழைய குழம்புக்குச் சொல்லவே வேண்டாம். சால்மன் தலைக்கு மாங்காய் போதாது, எண்ணெய் மிதக்கும் மீன், புளி கூடுதலாக வேண்டும். இதெல்லாம் மனைவி நாலைந்து சட்டி பார்த்துக் கண்டுபிடித்தது.

மேசைக்காரர்களுக்கு நான் தலைக்காரன் ஆகிவிட்டேன். மற்ற படகுக்காரர்களும் தலையைக் கடலில் போடாமல் பையில் போட்டுக் கேப்டனிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். வேலை முடிந்து வந்தால் வாசலில் ஒரு ஐஸ்பெட்டி இருக்கும், மேலே யாருடையது என்றுகூட எழுதியிருக்காது. அவர்களுக்குள் ஆயிரம் சண்டை. ஹாலிபட்டில் கனடாவின் பங்கில் 85 சதவீதம் தொழில்முறைக்காரர்களுக்கு, 15 சதவீதம் பொழுதுபோக்காகப் பிடிக்கும் இவர்களுக்கு என்று 2012-லிருந்து பிரித்திருக்கிறது, அது போதாது என்று ஒரு கட்சி. ஃபிரேசர் ஸ்பிரிங் குறைந்துபோனதால் 2019-லிருந்து கோடையின் முற்பாதியில் பிடித்து வைத்துக்கொள்ள வந்த கட்டுப்பாடுகள் சரிதான் என்று ஒரு கட்சி, அநியாயம் என்று ஒரு கட்சி. கேப்டன் காலையில் ஒரு கட்சி, மத்தியானம் இன்னொன்று. தலை விஷயத்தில் மட்டும் ஊரே ஒற்றுமை.

மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் நானே பிடித்த ஸ்பிரிங், 17 பவுண்டு. தலையை வெட்டி எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்து குழம்பு. மறுநாள் கேப்டன் கேட்டார்: "அதுக்குக் கொழுப்புத் துடுப்பு இருந்துதா?"

சால்மனுக்கு முதுகின் பின்பக்கம், வாலுக்குச் சற்று முன்னால், எலும்பில்லாத குட்டித் துடுப்பு ஒன்று உண்டு. பொரிப்பகத்தில் வளர்த்து விடும் குஞ்சுகள் பலவற்றுக்கு அதை நறுக்கிவிடுவார்கள். நறுக்கியிருந்தால் பொரிப்பகத்து மீன் என்று அடையாளம். அப்படிப்பட்ட சில குஞ்சுகளின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முடி போன்ற கம்பித்துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதில் எண் பொறித்திருக்கும். மீன்வளத் துறை துறைமுகங்களில் பெட்டி வைத்து, துடுப்பு நறுக்கிய மீனின் தலையைக் கொடுங்கள் என்று கேட்கிறது. எந்த ஆற்று மீன் எங்கே பிடிபடுகிறது, எத்தனை திரும்பி வருகிறது என்ற கணக்குக்கெல்லாம் அந்தக் கம்பி முக்கியம்.

"இல்லைன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

"தலை எங்கே?"

சொன்னேன். அவர் படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். "அவங்க நாலு வருஷமா காத்திருந்த தலையை நீ சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டுட்டியே!" கம்பி தொண்டையில் குத்தவில்லையா என்று கேட்க மேசைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குப் புதுப் பெயர்: பொரிப்பக ஆய்வாளர்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி துடுப்பில்லாத மீன். அறுத்தால் சதை வெள்ளை. கெட்டுப்போன மீனோ என்று பயந்தேன். வெள்ளை ஸ்பிரிங் என்றார் கேப்டன். இறால் வகைகளைத் தின்று வரும் சிவப்பைச் சதையில் சேர்த்து வைக்கச் சில வம்சத்து ஸ்பிரிங்குக்கு வராது, ருசியில் குறையில்லை, புகைபோட இதைவிட நல்ல மீன் கிடையாது என்றார். தலையை மனசில்லாமல் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதிய சீட்டு வைத்துப் பெட்டியில் போட்டேன். அன்று வீட்டில் நடுமுள் குழம்பு. யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பனிக்காலத்தில் பதில் வந்தது. அந்த மீன் சில்லிவாக் ஆற்றுப் பொரிப்பகத்தில் வளர்ந்தது, வயது 4. கேப்டனிடம் காட்டினேன். "ஹாரிசன் ஆற்று வம்சம், அதான் வெள்ளை" என்றார், முன்னாடியே தெரிந்தது மாதிரி. அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் மகளின் மார்க் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மீனைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரு தடவை படித்தாயிற்று.

போன மாதம் இன்னொன்று மாட்டியது. நான் பையை எடுப்பதைக் கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். "கம்பி மூக்குலதானே இருக்கு" என்று, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் கத்தியை வைத்து ஒரே அழுத்து. முன்பாதி சீட்டோடு பெட்டிக்கு. கன்னமும் தாடையும் கழுத்தும் எனக்கு.

ராத்திரி குழம்பு கொதித்தது. எட்டு வயது மகள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டுத் துழாவினாள். எங்கள் வீட்டில் இப்போது கண் அவளுக்கு.

"அப்பா, கண்ணு எங்க?"

"கவர்ன்மென்ட் எடுத்துக்கிட்டாங்கம்மா."

"திருப்பித் தருவாங்களா?"

"லெட்டர் போடுவாங்க" என்றேன்.